512 எம்பி ரேமில் டெபியன்: பிரவுசரைத் திறந்தாலே உறைந்துவிடுகிறது

பழைய நெட்புக் ஒன்றில் டெபியன் 12 லினக்ஸ், 32 பிட் பதிப்பு ஓடுகிறது. டெர்மினலில் மட்டும் வேலை செய்தால் ஒரு குறையும் இல்லை. பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் போதும், மவுஸ் அசையாது, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரியும். பத்து நிமிடம் கழித்து லினக்ஸின் மையமான கெர்னலே பிரவுசரைக் கொன்றுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வரும்.

ப்ராசஸர் இன்டெல் ஆட்டம் என்270. ரேம் 512 எம்பி, போர்டிலேயே பற்றவைத்தது. கூடுதல் ஸ்லாட் பழுது, அதனால் 'ரேம் வாங்கிப் போடுங்கள்' என்ற பதில் எனக்கு உதவாது. டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை, மேலே போகவும் வழியில்லை.

மூன்று வாரமாக முட்டி மோதுகிறேன். எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு, அதைவிட லேசான ஐஸ்டபிள்யூஎம் போட்டேன். டெஸ்க்டாப் வந்து நிற்கும்போது ரேம் செலவு 190-இலிருந்து 120 எம்பி ஆனது. ப்ளூடூத், பிரிண்டர் சேவைகளை நிறுத்தினேன். அப்புறம் 256 எம்பிக்கு இசட்ரேம் (தரவைச் சுருக்கி ரேமிலேயே வைப்பது), அதைவிடக் குறைந்த முன்னுரிமையில் டிஸ்கில் 1 ஜிபி ஸ்வாப் (ரேமில் இடம் போதாத தரவு போகும் இடம்). இங்கேதான் எனக்குச் சந்தேகம். இசட்ரேம் முதலில் நிரம்புவதால், யாரும் தொடாத பழைய பக்கங்கள் (ரேமில் உள்ள தரவின் சிறு துண்டுகள்) அதில் உட்கார்ந்துகொள்கின்றன. உடனே தேவைப்படும் பக்கங்கள் மெதுவான டிஸ்குக்குப் போகின்றன. கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்புக்குத் தள்ளலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினஸை 60-இலிருந்து 100 ஆக்கியும் மாற்றமில்லை. டில்லோ பிரவுசர் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் கிடையாதே.

இசட்ரேமை விட்டுவிட்டு, டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் ரேமில் சுருக்கி வைத்து, பழைய பக்கங்களை டிஸ்குக்குத் தள்ளும் இசட்ஸ்வாப்புக்கு மாறினால் இந்த உறைதல் குறையுமா? 512 எம்பியில் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.