புதுப்பிப்பு: வாடகையா, சொந்த வீடா? முடிவெடுத்தாச்சு

வேலை மாறிப் புது ஊருக்குப் போகிறேன், போனதும் வீடு வாங்கிவிடலாமா, வாடகைக்கு இருந்து பார்க்கலாமா என்று எட்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். "வாடகை கொடுப்பது வீண்" என்று பாதிப் பேர், "ஒரு வருடம் பொறு" என்று மீதிப் பேர். பொறுத்தேன்.

நல்லவேளை. அன்று முன்பணம் கொடுக்கிற அளவுக்குப் பிடித்துப்போன வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இப்போது குடியிருக்கிறேன். பகலில் பார்த்தபோது அமைதியாக இருந்த அந்தச் சாலையில் இரவு 11 மணிக்கு மேல் லாரிகள் வரிசைகட்டுகின்றன, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. இதையெல்லாம் எந்தத் தரகர் சொல்வார்?

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 20 வருடக் கடன், 9 சதவீத வட்டி என்றால் முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போகிறது, அசல் குறைவது பெயருக்குத்தான். இரண்டே வருடத்தில் வேலை மாறி விற்க நேர்ந்தால் பதிவுச் செலவு, தரகு எல்லாம் போனது போனதுதான்.

வாடகையும் ஒன்றும் சுகமில்லை. ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது, அடுத்த வருடம் ஏற்றுவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். சரி, ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அப்புறம் வீடு தேடுவேன், இரவில் போய்.