விந்துப் பரிசோதனை அறிக்கையில் எல்லா எண்களும் குறைவாக உள்ளன, எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி (கே.ஆர். புரம், பெங்களூரு)

வணக்கம். நானும் கணவரும் ஓராண்டுக்கு மேலாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். என் பரிசோதனைகள் இயல்பாக இருந்ததால் மருத்துவர் அவருக்கு விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அறிக்கையில் அளவு 1.2 மி.லி., விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 14 மில்லியன், மொத்த அசைவு 36 சதவீதம், முன்னோக்கிய அசைவு 24 சதவீதம், இயல்பான வடிவம் 3 சதவீதம் என்றிருக்கிறது. சீழ் செல்கள் 4 முதல் 6 என்றும் ஒரு வரி உள்ளது. "நூற்றுக்கு 97 பழுது என்றால் இனி என்ன இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அவர் அதைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். மாதிரியை வீட்டிலேயே எடுத்து இந்திராநகருக்குக் கொண்டுபோனார். இரண்டு மாதங்களுக்கு முன் அவருக்கு டெங்கு வந்து கடும் காய்ச்சல் இருந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில் (ஆய்வகத் தொழில்நுட்பர், மல்லேஸ்வரம்)

சகோதரி, முதலில் 97 சதவீதக் கணக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். இயல்பான வடிவத்துக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் கீழ் எல்லையே 4 சதவீதம்தான். குழந்தை பெற்ற ஆண்கள் பலருக்கும் பெரும்பாலான விந்தணுக்கள் "இயல்பற்றவை" என்றே அறிக்கை வரும். வடிவத்தை அளப்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தும் மாறுவதால், 3க்கும் 4க்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு நான் பெரிய மதிப்புத் தர மாட்டேன்.

அந்நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழ் எல்லைகள்: அளவு 1.4 மி.லி., செறிவு (மில்லிலிட்டருக்கு எத்தனை விந்தணு) 16 மில்லியன், ஒரு முறை வெளியேறும் மொத்த விந்தணுக்கள் 39 மில்லியன், மொத்த அசைவு 42, முன்னோக்கிய அசைவு 30 சதவீதம். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களுள் மிகக் குறைந்த 5 சதவீதத்தினர் நிற்கும் இடத்தையே எல்லையாக வைத்தார்கள். ஆகவே எல்லைக்குக் கீழே இருப்பவர்களிலும் இயல்பாகவே தந்தையானவர்கள் உண்டு. பழைய பதிப்பின் எண்களை இன்றும் அச்சிடும் ஆய்வகங்கள் இருப்பதால், இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது எல்லை எண்களையும் பாருங்கள்.

நான் கவனிப்பது மொத்தத்தை. 1.2ஐ 14ஆல் பெருக்கினால் சுமார் 17 மில்லியன், 39இல் பாதிகூட இல்லை. ஆனால் இதை நம்புவதற்கு முன் மூன்று கேள்விகள். எத்தனை நாள் இடைவெளிக்குப் பின் எடுத்தார்? (2 முதல் 7 நாள் இருக்க வேண்டும்.) முதல் பகுதி சிந்தியதா? விந்தணுக்கள் அதில்தான் மிகுதி. ஆய்வகத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமானது? ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே சேராவிட்டால் அசைவு குறைந்துவிடும்.

கேட்டவர்

ஒரு நாள் இடைவெளிதான். முதலில் சிறிது வெளியே போய்விட்டதாகவும் சொன்னார். டின் ஃபேக்டரி நெரிசலில் ஆட்டோ சிக்கிக்கொண்டதால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

பதில் (ஆய்வகத் தொழில்நுட்பர்)

அப்படியானால் அந்த அறிக்கை அவரைவிட அந்தப் பயணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. மறுமுறை ஆய்வகத்திலேயே எடுப்பது நல்லது. கூச்சமென்றால் பர்ப்பிள் லைன் மெட்ரோவில், குப்பியைச் சட்டைக்குள் உடலோடு வைத்துக்கொண்டு வரட்டும்.

பதில் (இருமுறை பரிசோதித்துக்கொண்டவர், அல்சூர்)

டெங்குவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 72 நாட்கள் ஆகின்றன, வெளியேறும் நிலைக்கு வர மேலும் சில நாட்கள். கடும் காய்ச்சல் அந்த உற்பத்தியைப் பாதிக்கும் என்பதால், இரண்டு மாதத்துக்கு முந்தைய காய்ச்சலின் சுவடு இப்போதைய மாதிரியில் இருக்கலாம். காய்ச்சல் தணிந்து மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் (சிவாஜிநகர்)

மறு அறிக்கையும் குறைவாக வந்தால், நேரே ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) பேச்சுக்குப் போகாமல், ஆண் மலட்டுத்தன்மையைப் பார்க்கும் யூராலஜிஸ்ட்டிடம் உடல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்; விதைப்பையில் இரத்த நாளங்கள் புடைக்கும் வெரிகோசீல் பலருக்குக் காரணமாக இருக்கிறது. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லட்டும், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். சீழ் செல் வரியை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். முதிராத விந்துச் செல்களும் நுண்ணோக்கியில் அப்படித்தான் தெரியும். துத்தநாகம், ஃபோலிக் அமில மாத்திரைகளுக்குச் செய்யப்படும் விளம்பரங்களையும் நம்பாதீர்கள், 2020இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அவை குழந்தைப் பேற்றைக் கூட்டவில்லை. உங்களுக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தால் மட்டும் அந்த மூன்று மாதத்தைச் சும்மா கழிக்காமல், உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.