‘நம்ம வீடு’ குழு: மேஜிக் ஜான்சனும் பெரியப்பாவின் ஷட்டர் கணக்கும்

சனி, காலை 7:05

சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தன் சொத்து முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்து இலவசத் திரையரங்கு கட்டினார்! நல்ல உள்ளத்தைப் பத்து பேருக்குப் பகிருங்கள்!!

சித்தி: காலையில் இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

அண்ணன்: சித்தி, இலவசமெல்லாம் இல்லை. டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

சித்தி: உனக்கு எதிலும் குறைதான்டா.

பெரியப்பா: லாஸ் ஏஞ்சலஸில் இருப்பவள் சொல்லட்டும். எது உண்மை?

நான்: இங்கே இன்னும் வெள்ளி சாயங்காலம், பெரியப்பா. இப்போதுதான் வேலை முடிந்தது. திரையரங்கு உண்மை, தானம் பொய். 1995இல் இங்கே கிரென்ஷா பகுதி வணிக வளாகத்தில் சோனி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து திறந்தார். லாபத்துக்காகத்தான்.

பெரியப்பா: அந்தப் பகுதிக்கு என்ன குறை?

நான்: 1992இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த வழக்கில் போலீஸ்காரர்கள் விடுதலையானதும் பெரிய கலவரம். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சேதம் சுமார் 100 கோடி டாலர். தெற்குப் பகுதியில் கடை கடையாக எரிந்தது. அதற்கு மூன்றே வருடம் கழித்து அங்கே முதல் போட்டால் யார் கடன் தருவார்கள்?

அண்ணன்: ஜான்சனோ 1991 நவம்பரில் எச்.ஐ.வி. இருப்பதாக அறிவித்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது 32. அதிக நாள் இருக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். திரையரங்கு திறந்த பிறகு 1996இல் மறுபடி தன் பழைய அணியான லேக்கர்ஸுக்கு வந்து 32 ஆட்டம் ஆடினார்.

சித்தி: இதைத்தானே நானும் சொன்னேன், நல்ல உள்ளம்.

அண்ணன்: சித்தி 🙏

நான்: எனக்குப் பிடித்தது வேறு, சித்தி. அந்தப் பகுதி ஆட்களிடம் பணம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். இவர் சொன்னது, பணம் இருக்கிறது, செலவழிக்கத்தான் பக்கத்தில் இடம் இல்லை. வெகுதூரம் காரில் போய்ப் படம் பார்க்கிறவர்கள் வீட்டுப் பக்கத்தில் இருந்தால் வர மாட்டார்களா? திரையரங்கில் விற்க, கூட்டாளிகள் வழக்கமான கணக்கில் ஹாட் டாக் (சாசேஜ் வைத்த ரொட்டி) வரவழைத்தார்கள். போதவில்லை. படம் பார்க்க வந்த குடும்பம் ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளும் என்பது அலுவலகத்தில் கணக்குப் போட்டவருக்குத் தெரியவில்லை. ஜான்சனுக்குத் தெரிந்தது.

பெரியப்பா: இது நல்ல பாடம். நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது கடை வைக்க யாராவது மனு கொடுத்தால் முதலில் அந்தத் தெருவுக்குப் போய் நடப்பேன். எத்தனை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது என்று எண்ணுவேன். பத்தில் நான்கு என்றால் மனு திரும்பிவிடும், கொடுத்தவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும். நாங்கள் கடன் தராததால்தான் அவை இறங்கினவோ என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

நான்: இங்கே அதை வரைபடமாகவே போட்டார்கள். 1930களில் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஊர் ஊராக வண்ணம் தீட்டியது. கறுப்பின மக்கள் இருந்த இடங்களுக்கு அநேகமாகச் சிவப்பு. ‘ஆபத்தானது’ என்று அர்த்தம். 1977இல்தான் டெபாசிட் வாங்கும் வட்டாரத்தில் கடனும் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சட்டம் வந்தது.

பெரியப்பா: டெபாசிட் வாங்க மட்டும் எந்த வங்கியும் கூச்சப்படாது.

அண்ணன்: அப்பா இன்றைக்கு வங்கியையே திட்டுகிறார். இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பெரியப்பா: பேசாமல் இருடா. அப்புறம் என்ன செய்தார் அவர்?

நான்: ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஹோவர்ட் ஷூல்ட்ஸைத் தன் திரையரங்குக்கே கூட்டிப் போய்க் கூட்டத்தைக் காட்டினார். 1998இல் இரண்டு பேரும் சேர்ந்து கடை திறக்க ஒப்பந்தம், பாதிக்குப் பாதி பங்கு. 2010இல் தன் பங்கை விற்றபோது நூற்றுச் சொச்சம் கடைகள். அதோடு கேன்யன் என்ற முதலீட்டு நிறுவனத்துடன் சேர்ந்து நகர்ப்புறக் கட்டடங்களுக்கு ஒரு நிதி. கலிபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியும் அவர் திட்டங்களில் பணம் போட்டது.

பெரியப்பா: ஓய்வூதிய நிதியா! அப்படியானால் தானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் வட்டியோடு எண்ணி வாங்குவார்கள்.

சித்தி: சரி, தானம் இல்லை. பகிர்ந்ததை அழித்துவிடுகிறேன். திரையரங்கு இன்னும் ஓடுகிறதா?

நான்: 2010இல் மூடினார்கள். பிறகு வேறு நிறுவனம் எடுத்துத் திறந்தது. அவர் பெயர் இப்போது இல்லை.

சித்தி: அடக் கடவுளே. அவ்வளவுதானா?

நான்: அங்கேதான் எனக்கு நெருடல், சித்தி. திரையரங்கு அவருடையது, வளாகம் வேறொருவருடையது. வாடகைக்கு இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் வாடகைக்காரர்தான். 2021இல் அந்த வளாகம் கைமாறியது. அக்கம்பக்கத்து ஆட்களே அமைப்பாகச் சேர்ந்து வாங்கப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஒரு கட்டட நிறுவனத்துக்குப் போய்விட்டது. 2022இல் வாசலுக்கே ரயிலும் வந்துவிட்டது.

அண்ணன்: ரயில் வந்தால் நல்லதுதானே?

பெரியப்பா: நிலம் வைத்திருப்பவனுக்கு நல்லது. முடிவெட்டும் கடைக்காரருக்கு அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் தெரியும்.

அண்ணன்: இன்னொரு கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ’நீலைப் பாருங்கள் அப்பா. பிறந்த ஊரான நூவர்க்கில் திரையரங்கு, அப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே கட்டடமே அவர் கூட்டு.

பெரியப்பா: அதுதான் கேள்வி. பெயர்ப்பலகை யாருடையது என்று பார்க்காதே. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்.

சித்தி: அத்தான், ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. இன்னும் பத்திரத்திலேயே இருக்கிறீர்கள்.

நான்: ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன். இரண்டே ரயில் நிறுத்தம்தான். படம் எடுத்து அனுப்பட்டுமா?

சித்தி: திரையரங்கு வாசலில் நின்று நீயும் ஒன்று எடுத்துக்கொள் கண்ணு.

பெரியப்பா: படம் கிடக்கட்டும் அம்மா. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நட. எத்தனை ஷட்டர் இறங்கியிருக்கிறது என்று எண்ணி அனுப்பு.