அப்டேட்: டிராக்டர் பிடிஓ ஷாஃப்ட் உதறல் நின்னுடுச்சு

டிராக்டர்ல ரோட்டவேட்டர் (மண்ண கிளறுற கருவி) மாட்டி பிடிஓவ (இஞ்சின் சக்திய பின்னாடி கருவிக்கு குடுக்கற சுழல் அச்சு) 540 ஆர்பிஎம்ல ஓட்டினா, ரெண்டையும் இணைக்கற ஷாஃப்ட் உதறுது, சீட்டு வரைக்கும் அதிருதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். ஷாஃப்ட் ஜாயின்ட்ல இருக்கற கிராஸ் பேரிங் போயிருக்கும்னு நிறைய பேர் சொன்னீங்க, கழட்டிப் பாத்தா பேரிங் உள்ள இருக்கற ஊசி உருளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கிரீஸும் காயல. விஷயமே வேற. நடு ஷாஃப்ட்டோட ரெண்டு முனையில இருக்கற யோக்கும் (ஜாயின்ட்ட புடிக்கற கவட்டை) ஒரே நேர்ல நிக்கணும், இதுல ஸ்ப்லைன்ல (ஷாஃப்ட்டோட ரெண்டு பாதியும் ஒன்னுக்குள்ள ஒன்னு ஏறற பல் வச்ச பகுதி) ரெண்டு பல் தள்ளி ஏறியிருந்துச்சு. ஜாயின்ட் சாய்வா சுத்துனா ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வேகம் ஏறி எறங்கும்ங்க, யோக் நேரா இருந்து ரெண்டு பக்க கோணமும் சமமா இருந்தாத்தான் ஒன்னுக்கொன்னு கழிஞ்சு போகும். இஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஷாஃப்ட்ட உருவி நேரா வச்சு தள்ளி, ரெண்டு பாதியிலயும் சேத்து பெயின்ட்ல ஒரு கோடு போட்டாச்சு. டாப் லிங்க்க (கருவிய மேல டிராக்டரோட இணைக்கற, நீளம் மாத்தற கம்பி) திருகி கோணத்தையும் சமன் பண்ணேன். இப்ப ரோட்டவேட்டர முழுசா தூக்குனா மட்டும் கடகடங்குது, கோணம் கூடறதால, அதனால பிடிஓவ நிறுத்திட்டுத்தான் தூக்கறேன்.