ஸ்கர்விக்குத் தமிழ்ச் சொல் – வெள்ளிக்கிழமைக்குள் தேவை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அன்புடையீர், வணக்கம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். பிஸ்கட்டையும் வெறுஞ்சோற்றையும் தவிர வேறெதையும் தொடாத குழந்தை ஒருநாள் கால்வலியால் நடக்க மறுக்க, எலும்பு, மூட்டு, குருதி எல்லாவற்றையும் சோதித்த பிறகே, உயிர்ச்சத்து சி கிடைக்காமையால் ஈறு முதலியவற்றில் குருதி கசியும் ஸ்கர்வி என்று தெரியவருவதை அது விளக்குகிறது. நல்ல தமிழ்ச் சொல் உண்டா? அதியமானின் நெல்லிக்கனியை மட்டும் யாரும் இழுக்க வேண்டாம். இவ்வாண்டு அது மூன்று முறை வந்துவிட்டது.

தமிழாசிரியர் எழுதியது:
'ஈறுகெடுநோய்' என்பது என் பரிந்துரை. வினைத்தொகையாதலால் முக்காலத்துக்கும் பொருந்தும். 'ஈற்றுக்குருதிநோய்' என்றும் சொல்லலாம். நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் றகரம் இரட்டித்தது. மேலும், உயிர்ச்சத்து சி-க்கு வேதியியலாளர்கள் சென்ட்-ஜியார்ஜியும் ஹாவொர்த்தும் 1933இல் சூட்டிய 'அஸ்கார்பிக்' என்னும் பெயருக்கு ஸ்கர்வியைப் போக்குவது என்பதே பொருள். ஆகவே அஸ்கார்பிக் அமிலத்தை 'ஈறுகெடாக் காடி' எனலாம். இதிலுள்ள 'கெடா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகவே அமைந்துவிட்டதை அன்பர்கள் சுவைக்க வேண்டுகிறேன்.

செவிலியர் ஒருவர் எழுதியது:
ஐயா, இலக்கணம் இனிக்கிறது. ஆனால் தலையீற்றுப் பசுவை அறிந்தவர்கள் 'ஈற்றுக்குருதி' என்று படித்தால் மகப்பேற்றுக்குப் பிந்திய உதிரப்போக்கு என்றுதான் நினைப்பார்கள்.

மருத்துவர் எழுதியது:
எனக்கு ஈறு என்பதே இடறுகிறது. கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் சாலிஸ்பரி கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மட்டும் விரைந்து தேறியதைக் கண்டார். அந்த மாலுமிகளுக்கு ஈறு அழுகியது உண்மை. ஆனால் பல் முளைக்காத குழந்தைக்கும் பல் விழுந்த முதியவருக்கும் ஈற்றில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உயிர்ச்சத்து சி இல்லையேல் உடலின் திசுக்களைத் தாங்கும் கொலாஜன் என்னும் புரத இழைகள் உறுதிப்படுவதில்லை. நுண்ணிய குருதிக்குழாய்கள் கசிந்து, மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாய்க் குருதி கட்டுகிறது. குழந்தைகளுக்கு எலும்பை மூடிய உறைக்கடியில் கட்டுவதால்தான் கால் வலிக்கிறது. சிட்னியின் வெஸ்ட்மீட் மருத்துவமனையில் 2016இல் இந்நோய் கண்டறியப்பட்ட சர்க்கரை நோயாளிகள் ஆறாத புண்களோடு வந்தவர்கள். காய்கறி தின்றவர்கள்கூட அதை அளவுக்கு மீறி வேகவைத்திருந்தார்கள். ஈறுகெடுநோய் என்று கையேட்டில் எழுதினால், குழந்தையின் ஈறு நன்றாயிருப்பதைப் பார்த்துவிட்டுத் தாய் நிம்மதியாக இருந்துவிடுவாள். 'உயிர்ச்சத்து சி குறைநோய்' என்று காரணத்தைக்கொண்டு பெயரிடுங்கள்.

உணவியல் மாணவி எழுதியது:
குறைபாடும் நோயும் ஒன்றல்லவே, ஐயா. குருதியில் சி குறைந்திருப்போர் எல்லாருக்கும் ஸ்கர்வி இல்லை; நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கிடைத்தாலே அது அண்டாது. ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று மாதங்கள் அதுகூட இல்லாதபோதுதான் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சூட்டினால் அடுத்த மொழிபெயர்ப்பாளர் தவிப்பார். பாடநூலில் பிள்ளைகள் படிக்கும் ஸ்கர்வியையே வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனைவருக்கும் நன்றி. முதல் முறை வருமிடத்தில் 'ஸ்கர்வி, அதாவது உயிர்ச்சத்து சி நெடுநாள் கிடைக்காமையால் வரும் நோய்' என்றும், பிறகு 'ஸ்கர்வி' என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டதாகவே கொள்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:
நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது என்பது தாங்கள் அறியாததன்று. குறைந்தது 'இசுகர்வி' என்றாவது திருத்த இயலுமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அச்சுக்குப் போய்விட்டது, ஐயா.