பப்பான் பழைய கடைத்தெரு: போய்விட்டு வந்தோம் (புதுப்பிப்பு)

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பத்து காஜா ஊர்ப் பக்கம் இருக்கும் பப்பானில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, அப்பாவைக் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டிலிருந்து காலையிலேயே கிளம்பிப் போய்விட்டு வந்தோம்.

வெள்ளீயச் சுரங்கங்களால் செழித்த ஊர், இப்போது நிறைய கடைகளுக்குக் கூரையே இல்லை. ஒரு கடைவீட்டின் மாடிச் சன்னல் வழியாக மரத்தின் வேர் இறங்கி, செங்கல்லைக் கைவிரல் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதை வெட்டினால் சுவரே விழுந்துவிடும் போல.

நான் போனதே 74-ஆம் எண் வீட்டுக்காகத்தான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சிபில் கார்த்திகேசு என்ற தாதி மருந்தகம் நடத்தி, காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு இரகசியமாக வைத்தியம் பார்த்த வீடு. ஒளித்துவைத்த வானொலிக்கு ஜோசஃபின் என்று பெயர், 1943-ல் பிடிபட்டு அவ்வளவு சித்திரவதையிலும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கதவு பூட்டியிருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே எங்களை வளர்த்த அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதையான அந்த அஞ்சடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

போகிறவர்கள் தயவுசெய்து மாடி ஏறாதீர்கள், பலகை எல்லாம் உளுத்துப் போயிருக்கிறது. அப்புறம், அப்பா தன் பழைய லயம் (தோட்டத்து வரிசை வீடு) இருந்த இடத்தையும் பார்க்கணும் என்கிறார். அங்கே இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) தான், இருந்தாலும் அடுத்த வாரம் போகிறோம்.