மறு: ரெக்ரியேஷனல் ஸ்போர்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

"ரெக்ரியேஷனல் ஸ்போர்ட்", அதாவது பரிசுக்காக இல்லாமல் ஆடும் விளையாட்டு, இதற்குக் கையேட்டில் போட நான் கேட்டது ஒரு தமிழ்ச் சொல். மூன்று நாளில் வந்து விழுந்தவை ஒன்பது. கையேடு அச்சுக்குப் போக வேண்டும், அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கையேடு, புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் மீண்டவர்களுக்கும். ("புராஸ்டேட்" அப்படியே இருக்கட்டும். "ஆண்மைச்சுரப்பி" என்று அட்டையில் போட்டால் கையேடு நேரே பீரோவுக்குள் போய்விடும்.)

> "பொழுதுபோக்கு விளையாட்டு" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருப்பதுதான் சிக்கல். என் தாய்மாமா அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 68. ஆண் ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். புற்றுக்குத் தீனி போடுவது அந்த ஹார்மோன். ஆனால் தசையையும் எலும்பையும் தாங்கிப் பிடித்திருந்ததும் அதுதான். இப்போது தொடை மெலிந்து வயிறு போட்டிருக்கிறது. எலும்பின் அடர்த்தி குறைகிறது. குன்னூர்ப் பனியில் திடீரென்று உடம்பு கொதித்து ஸ்வெட்டரைக் கழற்றி வீசுகிறார். டாக்டர் வாரம் இரண்டு நாள் ஏதாவது விளையாடச் சொன்னார். நான் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன், "பொழுதுபோக்கு விளையாட்டு" என்று. அத்தை படித்துவிட்டுக் கேட்டார்: "இந்த மனுஷனுக்குப் பொழுதுபோக்கு ஒண்ணுதான் குறைச்சலா?"

> மனமகிழ் விளையாட்டு

மனமகிழ் மன்றம் என்ற போர்டு எந்த மாதிரிக் கதவுக்கு மேல் தொங்கும் என்று ஊருக்கே தெரியும். அத்தையிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

> நலம் + ஆட்டம் = நலவாட்டம்

சந்தி காலை வாரிவிட்டது. வாய்விட்டுப் படியுங்கள்: நல வாட்டம். "மகிழ்வாட்டம்" என்றாலும் அதே கதி. "கூடியாட்டம்" நல்ல சொல்தான், ஆனால் மலையாளிகள் அதை ஒரு நாடகக் கலைக்குப் பெயராக்கிக் கோயில் கூத்தம்பலத்தில் ஏற்றி எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது.

> மருத்துவ விளையாட்டு

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் இதே ஊசி போட்டுக்கொண்டிருந்த 57 பேரைச் சேர்த்து, ஒரு பாதியைக் கால்பந்து ஆடவைத்தார்கள். 12 வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒரு நாளைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். முடிவு 2014இல் வெளியானது. ஆடியவர்களுக்குத் தசை கூடியது, கால் வலுவானது. அடிபட்டதும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அப்புறம் 214 பேரோடு ஊர் கிளப்புகளிலேயே நடத்திப் பார்த்தார்கள். 2019இல் வந்த அந்த முடிவில் இடுப்பெலும்பின் அடர்த்தி கொஞ்சம் கூடியிருந்தது.

எலும்புக்கு அதிர்வு வேண்டும். சட்டென்று நிற்பது, திரும்புவது, எட்டி உதைப்பது எல்லாம் கணக்கில் சேரும். சீரான நடையில் அவ்வளவு கிடைக்காது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. ஆட்டத்தில் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைப்பதில்லை.

எங்கள் மைதானம் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு)க் கீழே, ஒரு பக்கம் சரிவு. பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு போய்விடும். உதைத்தவர்தான் இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது சட்டம். போன வாரம் மாமா நான்கு முறை இறங்கி ஏறினார். படிக்கட்டு ஏறச் சொன்னால் முட்டியைப் பிடித்துக்கொள்கிற ஆள்! மேலே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, "அது கோல்தான்" என்று சண்டை. இதற்கு "மருத்துவ" என்று முன்னொட்டு வைத்தால் மாத்திரை டப்பா வாசனை வந்துவிடும்.

என் பரிந்துரை: பயிலாட்டம். "பயில்" என்றால் விடாமல் திரும்பத் திரும்பச் செய்வது. வாரம் இரண்டு நாள் என்ற கண்டிப்பு அதற்குள் இருக்கிறது. ஆட்டமும் ஆட்டமாகவே இருக்கிறது.

குன்னூர் பிசியோ

---

அன்புள்ள அம்மா,

பயிலாட்டம் காதுக்கு நன்று. ஆனால் நாளிதழ்க்காரர்கள் "பயிற்சி ஆட்டம்" என்று எழுதுவது தொடருக்கு முன்னால் ஆடுகிற மேட்சை. குழப்பம் வராதா? தொல்காப்பியத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: "கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு." பண்ணையாட்டம் என்றால் என்ன?

கோத்தகிரி ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

---

ஐயா,

பண்ணை விளையாட்டு என்ற பொருளில் இருந்தது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. ஆனால் இன்றைக்கு அதைப் படிப்பவர் கோழியைத்தான் தேடுவார்.

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. பயிற்சி ஆட்டம் என்றால் நிஜ ஆட்டம் இனிமேல்தான் என்று அர்த்தம். பயிலாட்டத்துக்கு அப்புறம் வேறு ஆட்டம் கிடையாது. ஒற்றைச் சொல்லாக, இடைவெளி விடாமல் எழுதினால் பிரித்துக்கொள்ளலாம் என்று நம்புகிறேன். முதலில் வருமிடத்தில் விளக்கமும் கொடுத்துவிடுவோம்.

மாமாவிடம் இரண்டு சொல்லையும் படித்துக் காட்டினேன். "பேர் என்னவோ வச்சுக்கோ. என்னை உப்புக்குச் சப்பாணியா மட்டும் சேர்க்காதீங்க. அன்னிக்கு நான் அடிச்ச கோலைக் கணக்குல சேர்க்கவே இல்ல" என்றார்.

கையேட்டில் போகிற வரி இது. பிழை இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள்:

"பயிலாட்டம்: பரிசுக்காக அல்லாமல், உடம்பு தேறுவதற்காக வாரந்தோறும் தவறாமல் சேர்ந்து ஆடும் ஆட்டம். கோல் கணக்கு உண்டு. மோதுவதும் தள்ளுவதும் கூடாது. புற்று எலும்புக்குப் பரவியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் களத்தில் இறங்க வேண்டாம்."

குன்னூர் பிசியோ